பொருந்துகிறது

நான் கடலில் ஒருமுறைகூடக் காலை நனைத்ததில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். பதினேழு வருடமாகக் கடலைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. ஆனால் ஈர மணல் காலில் ஒட்டினால் எனக்குப் பிடிக்காது. தங்கையும் அவள் மகளும் கடற்கரைக்குப் போனால், நான் செருப்புகளுக்குக் காவலாக மேலே உட்கார்ந்திருப்பேன்.

தண்ணீர் வேண்டாம், இப்போதுதான் குடித்தேன். அந்த விளக்கை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தால் நன்றாக இருக்கும். வெளிச்சம் நேராகக் கண்ணில் விழுந்தால் எனக்கு எல்லாம் கலங்கலாகிவிடும். நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நடுவில் ஏதாவது புரியவில்லை என்றால் தயங்காமல் நிறுத்திக் கேளுங்கள்.

முதலில் என் வேலை. ஒவ்வொரு பெரிய கப்பலிலும் ஒரு கருவி இருக்கிறது. நான் இன்ன கப்பல், இந்த இடத்தில் இருக்கிறேன், இந்தத் திசையில் இந்த வேகத்தில் போகிறேன் என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அதை உலகம் நம்பும். ஆனால் கருவியில் மனிதன் கை வைக்கலாம். கப்பல் ஓரிடத்தில் நின்றுகொண்டு, வேறோர் இடத்தில் போய்க்கொண்டிருப்பதாகச் சொல்லலாம். வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பும் இடம் ஒன்று, போய்ச் சேரும் இடம் இன்னொன்று என்று சில ஆட்கள் இருப்பார்களே, அந்த மாதிரி.

அங்கேதான் நாங்கள் வருகிறோம். செயற்கைக்கோள் கடலுக்கு மேலே போகும்போது ரேடார் படம் எடுக்கிறது. மேகம் இருந்தாலும் எடுக்கும், இருட்டாக இருந்தாலும் எடுக்கும். படத்தில் தண்ணீர் கறுப்பு, இரும்பு வெள்ளை. கருவி சொன்ன இடத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா, அதன் நீளம் அந்தக் கப்பலின் நீளம்தானா, திசை சரியா என்று நான் பார்ப்பேன். சரியாக இருந்தால் ‘பொருந்துகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இல்லாவிட்டால் ‘பொருந்தவில்லை’. பதினேழு வருடமாக இந்த இரண்டு வார்த்தைகளைத்தான் நான் எழுதியிருக்கிறேன் என்று தங்கை கேலி செய்வாள். “பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் ரெண்டாவது வார்த்தையையே சொல்லிட்டு வந்துட்டியே அண்ணா” என்பாள். நானும் சிரிப்பேன்.

ஆபீசில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. ஆனால் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் இருந்த குவளையில் எழுதி வைத்திருந்தார்கள். நான் அந்தக் குவளையிலேயே குடித்தேன். என் அறிக்கையை ஒருமுறைகூட யாரும் திருத்தியதில்லை. மேலாளர் நான் எழுதியதைப் படிக்காமலே முத்திரை குத்துவார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் இது தேவைப்படும்.

இனி வீடு. அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது, தங்கைக்குப் பதினான்கு. அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் நான்தான் போவேன். சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். கப்பலில் வேலை, கேப்டனுக்கு அடுத்த இடம். அமைதியான மனிதர், சிரித்த முகம். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பார். அவரிடம் எனக்குப் பிடித்த குணங்களில் அதுவும் ஒன்று.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவர்கள் குடியிருந்த வீட்டில் சுவர் ஒழுக ஆரம்பித்தது. தற்காலிகமாக என்று சொல்லி, தங்கையும் அவள் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். குழந்தைக்கு அப்போது ஐந்து வயது. வாய் மூடாமல் பேசுவாள் என்பதால் குருவி என்று கூப்பிடுவோம். அதற்கு முன்னால் என் வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு துண்டு. துண்டு காய்வதற்குள் நான் ஆபீஸ் கிளம்பிவிடுவேன். அவர்கள் வந்த பிறகு குளியலறையில் கால் வைக்க இடமில்லை. வாசலில் ஒன்பது ஜோடி செருப்பு. இரண்டு பெண்களுக்கு ஏன் இத்தனை செருப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சாயந்திரம் நான் படியேறும்போதே உள்ளே சத்தம் கேட்கும். நான் சாவியை எடுக்க வேண்டியிருக்காது, கதவு திறக்கும். நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன் தன் வீட்டுக் கதவு தானாகத் திறப்பதை முதல்முறையாகப் பார்க்கிறான் என்றால் அது சின்ன விஷயமில்லை.

தினமும் குருவி கேட்பாள். “மாமா, அப்பா இப்ப எங்க?” நான் போனில் வரைபடத்தைத் திறந்து காட்டுவேன். அவள் அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்துவிட்டுச் சாப்பிடப் போவாள். அப்பா என்றால் அவளுக்கு ஒரு புள்ளி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது நான்.

ஆறு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாப்பிள்ளை போன் செய்தார். தங்கை போனை மேசை நடுவில் வைத்தாள், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

“மச்சான், ஒரு நல்ல சேதி. கரையிலயே வேலை கெடச்சிருச்சு. துறைமுகத்துல, ஆபீஸ் வேலை. வீடும் குடுக்கறாங்க. இதுதான் கடைசிப் பயணம்.”

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குருவி நாற்காலி மேல் ஏறிக் குதித்தாள். “நீங்களும் எங்ககூடவே வந்துடணும் மச்சான், ஆமா” என்றார் அவர். மரியாதைக்குச் சொன்னார். அந்தத் துறைமுகம் இங்கிருந்து ரயிலில் ஒரு நாள் தூரம். நான் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். “ரொம்ப நல்லது மாப்பிள்ளை” என்றேன். எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினேன்.

அன்றிலிருந்து வீட்டில் அட்டைப் பெட்டிகள் வர ஆரம்பித்தன. குருவி வரைந்த படங்களைத் தங்கை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து உரித்தாள். அவை இருந்த இடத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் பெயர்ந்து வந்தது. “பூசிடச் சொல்றேன் அண்ணா” என்றாள். இருக்கட்டும் என்றேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். காப்பீட்டுக் கம்பெனி ஒன்று நாற்பது கப்பல்களின் பட்டியலை அனுப்பியிருந்தது. அதில் மாப்பிள்ளையின் கப்பலும் இருந்தது. கருவி சொன்ன இடம், கரையோரப் பாதையில், வடக்கே. அந்த இடத்துப் படத்தைத் திறந்தேன். வெறும் தண்ணீர். ஒரு துளி வெள்ளைகூட இல்லை.

எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. இப்படிச் செய்யும் கப்பல்கள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். தெற்கே, பாதைகள் எதுவும் போகாத ஒரு பகுதி இருக்கிறது. அதன் படத்தை எடுத்தேன். இரண்டு கப்பல்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்றின் நீளம் நூற்று எண்பத்துமூன்று மீட்டர். மேலே நான்கு கிரேன், மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகம். நான்கு வருடமாகக் குருவிக்குக் காட்டிக் காட்டி அந்தக் கப்பலின் உருவம் எனக்கு மனப்பாடம். கருவி சொன்ன இடத்துக்கும் அதற்கும் இருநூற்று நாற்பது கடல் மைல். முதலாளி சொல்லி, கேப்டன் கருவியில் கை வைத்து, வாங்கக்கூடாத சரக்கை நடுக்கடலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

‘பொருந்தவில்லை’ என்று எழுதியிருந்தால், துறைமுகம் திரும்பியதும் கேப்டனையும் அவருக்கு அடுத்தவரையும் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். மாப்பிள்ளைக்குக் கரை வேலை கிடைத்திருக்காது. அப்பாவைப் பற்றிக் குருவியைப் பள்ளியில் கேட்பார்கள். நான் ‘பொருந்துகிறது’ என்று எழுதினேன். வேலையில் நான் எழுதிய முதல் பொய் அது. குடும்பத்துக்காக எழுதினேன். என் இடத்தில் யார் இருந்தாலும் செய்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். நீங்களும்கூட.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு என் மேசைக்கு வந்தேன். விடிகாலைப் படங்கள் வந்திருந்தன. யாரும் கேட்காமலே தெற்குப் பகுதியைத் திறந்தேன். ஒரு கண் வைத்திருந்தேன், அவ்வளவுதான். மற்றக் கப்பல் போய்விட்டது. மாப்பிள்ளையின் கப்பல் மட்டும் இருந்தது. ஆனால் அது நின்ற விதம் சரியில்லை. ஓடும் கப்பலுக்குப் பின்னால் தண்ணீரில் ஒரு கோடு இருக்கும். அது இல்லை. நீளம் குறைவாகத் தெரிந்தது. பின்பக்கம் அமிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதிலிருந்து அரை மைல் தள்ளி இரண்டு சின்னப் புள்ளிகள். உயிர்காப்புப் படகுகள் அந்த அளவில்தான் தெரியும்.

ஒன்பதே காலுக்கு மீட்பு மையத்திலிருந்து போன் வந்தது. பேசியது ஒரு பெண் அதிகாரி. சளி பிடித்துக் குரல் கட்டியிருந்தது. தூரத்துக்குப் பேசும் ரேடியோவில், இரைச்சலுக்கு நடுவே, கரை நிலையம் ஒன்றுக்குக் கப்பலின் பெயரும் “எஞ்சின் ரூம்ல தீ, எறங்கறோம்” என்பதும் மட்டும் கேட்டிருக்கிறது. இடம் காதில் விழவில்லை. கப்பல் மூழ்கும்போது தானாகக் கூப்பிட வேண்டிய மிதவைக் கருவியும் கூப்பிடவில்லை. அதன் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது என்று பிறகு தெரிந்தது.

“சார், அந்தக் கப்பல் வடக்குப் பாதையில இருந்ததா கருவி காட்டுது. சனிக்கிழமை நீங்களும் பொருந்துதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உங்க பேரு இருந்ததால நேரா உங்களுக்கே பண்றேன். அங்கயே தேடலாமா?”

நான் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன். “ஆமாம்மா. அங்கயே தேடுங்க.”

“இன்னிக்குப் படம் ஏதாவது?”

“அந்தப் பக்கம் இன்னும் வரல. வந்ததும் நானே கூப்பிடறேன்.”

“ரொம்ப நன்றி சார். இருபத்தொரு பேர் சார்.”

தெரியும் என்றேன்.

உயிரைவிடப் பெயர் பெரிதா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நானும் அன்று யோசித்தேன். தெற்கே என்று சொன்னால் சனிக்கிழமை எழுதியது பொய் என்றாகும். மாப்பிள்ளை கள்ளச் சரக்குக் கப்பலில் இருந்தவர் என்று உலகத்துக்கே தெரியும். மீட்டுக் கொண்டுவந்து நேராகச் சிறையில் வைப்பார்கள். கடலில் வேலை செய்துகொண்டிருந்தபோது போனவர் என்றால் ஒரு மதிப்பு இருக்கிறது. மகள் தலை நிமிர்ந்து சொல்லலாம். நான் அவருடைய நல்ல பெயரைக் காப்பாற்றினேன் என்றுதான் இதைப் பார்க்கிறேன். மற்ற இருபது பேரைப் பற்றிக் கேட்டால், எனக்கு அவர்களைத் தெரியாது.

அன்று அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். கப்பல் கம்பெனியிலிருந்து தங்கைக்குப் போன் வந்திருந்தது. கட்டிக்கொண்டிருந்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். கையில் ஒட்டும் நாடா.

“அண்ணா, நீதான எல்லாக் கப்பலையும் பாக்கறவன். அவரு எங்கண்ணா? உன் கண்ணுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?”

“தேடறாங்கம்மா. சரியான எடத்துலதான் தேடறாங்க. நானே சொல்லியிருக்கேன்.”

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி என் தோளில் சாய்ந்தாள். அவள் அப்படிச் சாய்ந்து இருபது வருடம் ஆகியிருக்கும். அப்பா போன வருடம் அப்படித்தான் சாய்ந்தாள்.

அன்று சாயந்திரப் படத்தில் கப்பல் இல்லை. படகுகள் இரண்டும் இருந்தன. புதன்கிழமை, சோதனை என்று காரணம் எழுதி, அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு செயற்கைக்கோளிலிருந்து கூர்மையான கலர் படம் கேட்டு வாங்கினேன். வேறு யாரும் பார்க்காமல் என் கணக்கில் வரும்படி செய்தேன். அதில் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. ஆரஞ்சு நிறத்தில் இரண்டு படகுகள், நடுவே கயிறு. ஒரு படகின் மேல் வெளிர் நிறத் துணி ஒன்றை அகலமாக விரித்திருந்தார்கள். மறுநாள் படத்தில் அதே துணி அடுத்த படகின் மேல் இருந்தது. துணி தானாக இடம் மாறாது. அதனால் அவர்கள் உயிரோடு இருந்தார்கள் என்று அறிந்துகொண்டேன்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி, மணி போட்டு எழுதி வைத்தேன். உங்கள் மேசையில் இருக்கிறதே, அதுதான். யாரோ ஒருவர் பார்த்து எழுத வேண்டும் என்று தோன்றியது. யாருமே பார்க்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வியாழக்கிழமை ஒரு சிக்கல். எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு பெண் இருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான். யாரும் சொல்லாமலே, மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவளாகவே பழைய ரேடார் படங்களைத் தெற்குவரை புரட்டியிருக்கிறாள். என்னிடம் வந்து நின்றாள்.

“சார், இங்க ரெண்டு புள்ளி இருக்கு.”

“அலை நுரை. காத்து பலமா அடிச்சா இப்படித்தான் தெரியும்.”

“மூணு படத்துலயும் இருக்கே சார். நகர்ந்துகிட்டே வருது.”

“மீன்பிடிப் படகா இருக்கும்.”

“கரையிலேர்ந்து இவ்வளவு தூரத்துலயா? சார், செவ்வாய்க்கிழமைப் படத்துல பெருசா ஒண்ணும் இருக்கு. நீளத்தை அளந்து பாத்தேன். நூத்தி எழுபது வருது.”

சின்னப் பெண். நான் நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னேன். அப்பா மாதிரிப் பேசினேன். “நான் இந்த வேலைக்கு வந்தப்ப எனக்கும் எல்லாப் புள்ளியும் கப்பலாத்தான் தெரிஞ்சுது. நீ இப்ப இதைச் சொல்லி, அவங்க விமானத்தைத் தெற்க திருப்பி, அங்க ஒண்ணுமில்லாம போச்சுன்னா, வடக்க இருக்கறவங்க கதி என்ன? யோசிச்சுப் பாரு. அதுல என் மாப்பிள்ளை இருக்காரும்மா.”

அவள் கண் கலங்கிவிட்டது. “மன்னிச்சுடுங்க சார், எனக்குத் தெரியாது” என்றாள். அந்தப் படங்களின் மேல் ‘கப்பல் அல்ல’ என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். பொறுப்பு என்னுடையது என்றேன். அவள் எனக்கு ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு வந்து வைத்தாள்.

அவள் பிரதி எடுத்து வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. நல்ல கண், நல்ல வேலைக்காரி. அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவளை வேலையை விட்டுப் போகவிடாதீர்கள் என்று மேலாளரிடம் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை கடல் கொந்தளித்தது. சாயந்திரப் படத்தில் ஒரு படகுதான் இருந்தது. சனிக்கிழமை மீட்பு மையத்து அம்மா மறுபடி பேசினார். விமானங்கள் வடக்கே ஒவ்வொரு அலையாகப் பார்த்துவிட்டன, ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை என்றார். “சார், எனக்கு மனசு கேக்கல. வேற எங்கயாவது இருக்க வாய்ப்பு உண்டா? நீங்க சொன்னா இன்னும் ரெண்டு நாள் கேட்டு வாங்கறேன்.” அவர் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. இந்த வேலையில் அப்படி மனசு கேட்காத ஆட்கள் குறைவு. “இல்லம்மா. நீங்க செய்ய வேண்டியதையெல்லாம் செஞ்சுட்டீங்க” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அன்று மதியம் தேடுதல் நின்றது.

அந்த வாரம் வீட்டில் ஒரு நல்ல அமைதி இருந்தது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தங்கை அழுதாள், குருவி அழுதாள், எல்லாம்தான். ஆனால் மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தோம். குருவி என் மடியில் தலை வைத்துத் தூங்குவாள். நான் கஞ்சி வைத்துக் கொடுத்தால் தங்கை குடிப்பாள், வேறு யார் கொடுத்தாலும் தொடமாட்டாள். நான் ஆபீஸ் கிளம்பினால், “சீக்கிரம் வந்துடு அண்ணா” என்று வாசல் வரை வருவாள். பெட்டிகளை நான்தான் பிரித்தேன். பாத்திரங்களைப் பழைய இடங்களிலேயே அடுக்கினேன். எது எங்கே இருந்தது என்று எனக்குத் துல்லியமாக ஞாபகம் இருந்தது.

படங்களைத் தொடர்ந்து பார்த்தேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் துணி அந்த ஒரே படகின் மேல் முன்னும் பின்னுமாக இடம் மாறியிருந்தது. புதன்கிழமையிலிருந்து மாறவில்லை. வியாழக்கிழமைக்குப் பிறகு நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அது ஒன்றுதான் என் கணக்கில் தவறிப்போனது.

தீப்பிடித்த நாளிலிருந்து பதினோராவது நாள், வழி மாறி வந்த ஒரு சரக்குக் கப்பல் அந்தப் படகைக் கண்டது. உள்ளே ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தார். கப்பலின் சமையல்காரர். அவரை எடுத்த இடம் செய்தியில் வந்ததும் பக்கத்து மேசைப் பெண் எழுந்து நின்றாள். அந்த இடத்தையும் தன் பிரதியையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். உங்களிடம்தான் வந்திருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் மிச்சமிருந்த இரண்டு அறிக்கைகளையும் முடித்துவிட்டு உங்கள் ஆட்கள் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

சமையல்காரர் சொன்னதைக் காலையில் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். என் முகம் மாறுகிறதா என்று பார்த்தீர்கள் என்பதும் தெரியும். படகில் தண்ணீர் டப்பாக்கள் ஒழுகிவிட்டன. தீக்காயம் பட்டவர்கள் முதலில் போனார்கள். கேப்டன் இரண்டாவது படகோடு போனார். மாப்பிள்ளைதான் கடைசிவரை மற்றவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். படுக்கை விரிப்புகளைச் சேர்த்துக் கட்டி வெள்ளையாக விரித்து, தினமும் அதை இடம் மாற்றிப் போட வைத்தாராம். அசையாமல் கிடந்தால் குப்பை என்று நினைத்துவிடுவார்கள், மாறிக்கொண்டே இருந்தால் ஆள் இருப்பது தெரியும் என்றாராம். “என் மச்சானுக்கு இதுதான் வேலை. அவரு கண்ணுக்குத் தப்பாது. மேலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருப்பாரு, கவலப்படாதீங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

அவர் சொன்னது சரிதான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தத் துணி விஷயமும் நல்ல யோசனை. அது இடம் மாறிய முதல் நாளே எனக்குப் புரிந்தது.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டீர்கள். தங்கை வீடு மாறுவதற்கு ஒரு லாரி பேசி வைத்திருந்தாளே, அதை நான் எப்போது வேண்டாம் என்று சொன்னேன் என்று. லாரிக்காரர் போனில் நேரம் பதிவாகியிருக்கும். அதனால் மறைப்பதில் அர்த்தமில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, எட்டு ஐம்பதுக்கு. ஆமாம், மீட்பு மையத்து அம்மா கூப்பிடுவதற்கு இருபத்தைந்து நிமிடம் முன்னால். அதுவரை இடம் கேட்டு யாரும் என்னிடம் வரவில்லை. யாருடைய பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற பேச்சும் அப்போது எழவில்லை. படத்தில் கப்பல் சாய்ந்திருந்தது, இரண்டு படகுகள் இருந்தன. போனை எடுத்தேன். “தேதி தள்ளிப் போடணுமா சார்?” என்று லாரிக்காரர் கேட்டார். “இல்லப்பா, இனிமே தேவைப்படாது” என்றேன். அந்த நேரத்தில் இருபத்தொரு பேரும் உயிரோடு இருந்தார்கள். எங்கே இருந்தார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் நான். அவர்களை நான்தான் கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

லாரி விஷயத்தை உங்களுக்குச் சொன்னது தங்கைதான். உங்கள் கையில் இருக்கும் அந்த வாக்குமூலக் காகிதத்தின் அடியில் அவள் கையெழுத்து எனக்குத் தெரிகிறது. அந்த எழுத்தைப் போடச் சொல்லிக்கொடுத்ததே நான். கோபத்தில் எழுதியிருப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள், மூன்றாவது நாள் தானாக வந்து பக்கத்தில் உட்காருவாள். என்னைப் பார்க்க வரவே மாட்டேன் என்று சொன்னாள் என்கிறீர்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். வேறு எங்கும் போக வேண்டாம், குழந்தையோடு அந்த வீட்டிலேயே இருக்கட்டும். எத்தனை வருடம் ஆனாலும் நான் வந்துவிடுவேன். அவர்களுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?